பெயர்த்துச் சொன்னவள்

அத்தியாயம் 11

டேக்பகதூர் ஒரு வாரமாக வீட்டில் வாய் திறந்து பேசவில்லை என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். கேட்டால் பதில் சொன்னான். தட்டில் விழுந்ததைத் தின்றான். குளித்தான், படுத்தான். அவன் சமையல்காரனாக இருக்கும் கறிச் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையில் விளக்கு எரியவில்லையே என்று மனைவி தில்மாயா கேட்டதற்கு, "பல்பு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

ஒரு பல்பு மாற்ற ஒரு வாரமா என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கத்தான் தெம்பில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வேறு கவலை இருந்தது. மகள் சிர்ஜனாவின் பள்ளியில் சந்திப்பு. ஆசிரியை, பிள்ளை, பெற்றவர் மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை எந்தப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதுவது என்று முடிவு செய்கிற நாள்.

"நீங்களும் வந்தா நல்லாருக்கும்" என்று காலையில் கேட்டுப் பார்த்தாள்.

"கடையில ஆள் இல்ல. நீ போ. அவதான் எல்லாத்தையும் மொழி பெயர்த்துச் சொல்லுவாளே" என்றான் அவன், காலுறையை மாட்டிக்கொண்டே. அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தில்மாயா வேலை பார்ப்பது சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையில். பெல்ட்டில் பெட்டிகள் வரும். ஒருத்தி சோறு வைப்பாள், அடுத்தவள் மீன் துண்டு வைப்பாள். தில்மாயா சோற்றின் நட்டநடுவில் உப்பில் ஊறிய சிவப்புப் பழம் ஒன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அந்த அவ்வளவுதானில் தோள்பட்டை கழன்றுவிடும். குளிர்பதன அறையில் நின்று நின்று கால் மரத்துப்போகும். வீட்டுக்கு வந்து கையை எத்தனை முறை கழுவினாலும் புளிப்பு வாசனை போகாது.

அரை நாள் விடுப்புக் கேட்டபோது மேற்பார்வை பார்க்கும் ஒனோதேரா அம்மாள் கையை ஆட்டினாள்.

"போ, போ. பிள்ளையோட பரீட்சை விஷயம். பழம் வைக்க வேற ஆள் கிடைக்கும்." பிறகு தில்மாயாவின் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏய், நெத்தியில கோடு. தேய்ச்சுட்டுப் போ" என்றாள்.

தலையுறையின் ரப்பர் பதிந்த கோடு. கழிப்பறைக் கண்ணாடி முன் நின்று வெந்நீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். கோடு போகவில்லை, சிவந்ததுதான் மிச்சம். முடியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

நவம்பர் பிறந்துவிட்டால் இசேசாக்கி ஊரில் காற்றுக்கு வேலை வந்துவிடும். அகாகி மலையிலிருந்து இறங்கி, வழியில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, சைக்கிளில் போகிறவர்களின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். பாதி வழியில் இறங்கித் தள்ளிக்கொண்டே போனாள். முன்னால் இழுத்து விட்ட முடி எல்லாம் பின்னால் போய்விட்டது.

பள்ளி வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் வீட்டிலிருந்து உள்செருப்பு கொண்டுவர மறந்தது நினைவுக்கு வந்தது. விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த பச்சைச் செருப்பை மாட்டிக்கொண்டாள். அது ஒரு ஆம்பளைக்கு ஆகிற அளவு. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் கழன்றது.

வகுப்பறைக்கு வெளியே நாற்காலியில் சிர்ஜனா காத்திருந்தாள். தாயைக் கண்டதும் முதலில் காலைப் பார்த்தாள், பிறகு நெற்றியை.

"கோடு தெரியுதா?" என்றாள் தில்மாயா.

"இல்ல" என்றாள் சிர்ஜனா. சொன்ன வேகத்திலேயே பொய் என்று தெரிந்தது.

சொந்த ஊரான கல்கோட்டில் தில்மாயாவின் அண்ணன் வீட்டில் இந்தப் பெண்ணை விட்டுவிட்டு விமானம் ஏறியபோது அதற்கு ஐந்து வயது. பெற்றவளும் பெற்றவனும் ஜப்பானில் காலூன்றட்டும், அடுத்த வருஷம் கூட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் விமான நிலையத்தில் இறங்கியபோது தாயை விடத் தலை உயர்ந்த ஒருத்தி வந்து நின்று, "நமஸ்தே" என்று கைகூப்பினாள். யாரோ தூரத்து உறவுக்காரிக்குச் சொல்வது போல. அந்த நமஸ்தே இன்னும் தில்மாயாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

கதவு திறந்தது. முன்னால் போன தாயும் மகனும் குனிந்து குனிந்து வெளியே வந்தார்கள். அந்த அம்மாள் கருநீலக் கோட்டுப் போட்டிருந்தாள். கையில் சொந்த உள்செருப்பு வைக்கும் பை.

"கருதி-சான், வாங்க" என்று கூப்பிட்டாள் ஆசிரியை கொமாட்சுபாரா. கர்த்தி என்ற குடும்பப் பெயர் இந்த ஊர் நாக்கில் ஏறி கருதி ஆகியிருந்தது; சான் மரியாதைக்கு. முதல் வருஷம் தில்மாயா திருத்திப் பார்த்தாள். இப்போது கருதிக்கே எழுந்து போய்விடுவாள்.

ஆசிரியைக்கும் களைப்புத்தான். முப்பது சொச்சம் வயது, மூக்கில் சளி, மேஜையில் பாதி குடித்த தேநீர். ஆனால் பேச்சு மட்டும் குழாயைத் திறந்து விட்டது போல. தில்மாயா சிரித்த முகமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெரிய மடை நின்றதும் மகளைப் பார்த்தாள்.

"கணக்குல கெட்டியாம். எழுத்து இன்னும் நிறையப் படிக்கணுமாம்" என்றாள் சிர்ஜனா.

"அவ்வளவா? இவ்வளவு நேரம் பேசினாங்க?"

"இங்க அப்படித்தான் சுத்தி வளைப்பாங்க."

மறுபடி ஆசிரியை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சில இடங்கள் ஒதுக்கும் அரசுப் பள்ளி ஒன்று இருக்கிறது, சிர்ஜனா முயன்றால் கிடைக்கும் என்று சொன்னாளாம். இதைப் பெயர்த்தபோது சிர்ஜனாவின் குரல் ஒழுங்காக இருந்தது. அடுத்ததில்தான் தடுமாறியது.

தில்மாயாவுக்கு இந்த ஊர் மொழி தெரியாது என்று வீட்டில் ஒரு முடிவு. அது முக்கால்வாசி உண்மை. பத்து வருஷத்தில் அவளுக்குக் கிடைத்தது தொழிற்சாலைச் சொற்கள், கடைச் சொற்கள், குப்பை போடுகிற சொற்கள், அப்புறம் வீடு மாற்றுகிற சொற்கள். தோயோஹாஷி, கோஃபு, ஓயாமா, இப்போது இசேசாக்கி. கணவனின் வேலை போகிற இடமெல்லாம் பெட்டி கட்டியாயிற்று. ஒவ்வொரு ஊரிலும் எந்தக் குப்பை எரியும், எந்தக் குப்பை எரியாது என்று முதலிலிருந்து படித்தாயிற்று. ஒரு ஊரில் எரிவது அடுத்த ஊரில் எரியாது. ஆகவே 'ஹிக்கோஷி' என்ற சொல்லை அவள் தூக்கத்திலும் அடையாளம் கண்டுகொள்வாள். வீடு மாற்றம்.

ஆசிரியை சொன்ன நீளமான வாக்கியத்தில் மூன்று சொற்கள் கல்லுப் போல வந்து விழுந்தன. அப்பா. டெலிபோன். ஹிக்கோஷி.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தில்மாயா மெதுவாக.

"அது... அப்பாவும் ஒரு நாள் போன்ல பேசினாராம். என் படிப்பப் பத்தி." சிர்ஜனா மேஜையின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "அப்பா ரொம்ப அக்கறையாப் பேசினாராம்."

சந்தைக்குப் போகவே இருபது தரம் சொல்ல வேண்டிய மனிதன், தானாகப் பள்ளிக்கு டெலிபோன் செய்து அக்கறையாகப் பேசினானாம்.

தில்மாயா மகளை விட்டுவிட்டு நேராக ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியையைக் கூப்பிடுகிற சொல்லில் தொடங்கி, தனக்குத் தெரிந்த சொற்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினாள்.

"சென்செய். வீடு மாத்துறது. எப்போ? எங்க?"

கொமாட்சுபாராவின் கண் ஒரு கணம் தாயிடம் இருந்து மகளுக்குப் போய்த் திரும்பியது. கெட்டிக்காரி. நொடியில் புரிந்துகொண்டுவிட்டாள். பேச்சின் வேகம் குறைந்தது. குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போலச் சொல் சொல்லாகக் கொடுத்தாள்.

"டிசம்பர் கடைசி. அசாஹிகாவா. ஹொக்கைடோ." பிறகு குனிந்தாள். "மன்னிக்கணும். உங்களுக்கு... தெரியும்னு நினைச்சேன்."

அசாஹிகாவா. வானிலைச் செய்தியில் குளிர் என்றால் முதலில் காட்டுவார்களே, அந்த ஊர்.

"தெரியும், தெரியும்" என்றாள் தில்மாயா சிரித்து. "சும்மா கேட்டேன்."

யாருடைய மானத்தைக் காப்பாற்ற அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பக்கத்தில் சிர்ஜனா மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

எழுந்து விடைபெறும்போது ஆசிரியை சிர்ஜனாவின் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி ஏதோ ஒன்று சொன்னாள். சிர்ஜனாவின் காது மடல் சிவந்தது. அதை அவள் பெயர்த்துச் சொல்லவில்லை.

வெளியே வந்து இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். காற்று இப்போது முதுகில். அதனால் ஏறி ஓட்டலாம். யாரும் ஏறவில்லை.

ரயில்வே கேட்டில் கட்டை இறங்கியிருந்தது. மணி அடித்துக்கொண்டிருந்தது.

"கடைசியா என்ன சொன்னாங்க?" என்றாள் தில்மாயா.

"எந்தக் கடைசி?"

"உன் காது சிவந்துச்சே, அந்தக் கடைசி."

சிர்ஜனா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ரயில் வந்துவிட்டது.

"காதுல விழல!"

"மதியானம் நான் வகுப்புல சாப்பிடுறதில்லன்னேன்!"

கத்திச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது ரயில் போய்விட்டது, மணியும் நின்றுவிட்டது. அந்தக் கத்தல் தனியாக நின்றது. எதிர்ப்பக்கம் காத்திருந்த ஒரு பெரியவர் இவர்களைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பின்ன எங்க சாப்பிடுற?"

"நர்ஸம்மா ரூம்ல. செப்டம்பர்லேர்ந்து. அதைப் பத்தி வீட்ல பேசச் சொன்னாங்க."

தில்மாயா மகள் பக்கம் திரும்பினாள். "யாராவது அடிச்சாங்களா?"

"அடிச்சா தேவலையே."

"திட்டினாங்களா? ஊரச் சொல்லி ஏதாவது..."

"யாரும் ஒண்ணும் பண்ணலம்மா. ஒண்ணுமே பண்ணல. அதான் சொல்றேன்ல." கட்டை மேலே போய் நின்றது. இருவரும் நகரவில்லை. "சாப்பாட்டு நேரத்துல ஆறு மேஜைய ஒண்ணா ஒட்டிப் போடணும். என்னோடதையும் ஒட்டுவாங்க, ஆனா முழுசா ஒட்ட மாட்டாங்க. ஒரு விரல் கனம் சந்து விட்டுருவாங்க. தினமும் அதே ஒரு விரல். நான் இழுத்து ஒட்டினா அவங்க மேஜைய அந்தப் பக்கம் நகர்த்துவாங்க. சிரிச்சுக்கிட்டே, ரொம்ப மரியாதையா."

தில்மாயா சைக்கிளின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீ வேலையிலேர்ந்து வந்ததும் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தபடியே தூங்குற. உன்ன எழுப்பி இதையா சொல்றது?"

"அப்பாகிட்ட மட்டும் சொன்ன."

"அவர் கேட்டார்" என்றாள் சிர்ஜனா. பின்னாலிருந்து ஒரு கார் மெல்ல ஒலி எழுப்பியது. இருவரும் பாதையைக் கடந்தார்கள். வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் தில்மாயா திரும்பவில்லை. சாப்பாட்டுக் கடைக்குப் போகிற தெருவில் சைக்கிளைத் திருப்பினாள்.

மதிய வியாபாரம் முடிந்து, மாலை வியாபாரம் தொடங்காத வேளை. கடையில் டேக்பகதூர் தனியாக வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். சுவரில் தொங்கிய மச்சாபுச்சரே மலைப் படத்தைக் கழற்றிய இடம் வெளுப்பாகத் தெரிந்தது. மனைவியும் மகளும் சேர்ந்து உள்ளே வருவதைப் பார்த்ததும் அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"அசாஹிகாவாவுக்கு எத்தனை ஸ்வெட்டர் எடுத்துக்கணும்?" என்றாள் தில்மாயா.

அவன் மகளைப் பார்த்தான். "நான் சொல்லலப்பா" என்றாள் அவள். "டீச்சர் சொல்லிட்டாங்க. அம்மாவுக்குப் புரிஞ்சிடுச்சு."

"புரிஞ்சிடுச்சா?" என்றான் அவன். அவனுடைய முதல் ஆச்சரியம் அதுதான்.

"என்னைக்குச் சொல்றதா இருந்தீங்க? பெட்டி கட்டினப்புறமா, பனியில இறங்கினப்புறமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ வந்ததும் அசந்து கிடக்கிற..."

"ஓஹோ. நான் அசந்து கிடக்கிறது உங்க ரெண்டு பேருக்கும் ரொம்ப வசதியாப் போச்சு."

டேக்பகதூர் முன்கையால் கண்ணைத் துடைத்தான். வெங்காயம்தான். உட்கார்ந்தான். முதலாளி இந்தக் கடையை விற்றுவிட்டார்; வருஷக் கடைசியோடு மூடல். வேலை இல்லாமல் மாதக் கணக்கில் இருந்தால் விசா போய்விடும். அவன் விசாவில்தான் மற்ற இருவரும் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டான். இரண்டு இடம் கிடைத்தது. ஒன்று அசாஹிகாவா.

"இன்னொன்னு?"

அவன் மேஜையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டினான்.

"இன்னொன்னு எங்கங்க?"

"மயேபாஷி."

தில்மாயா சிரித்துவிட்டாள். அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. மயேபாஷிக்கு இங்கிருந்து ரயிலில் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பிவிடலாம். வீடு மாற்ற வேண்டாம். குப்பை கூட மாற்ற வேண்டாம்.

"அந்த முதலாளி ஒரு மாதிரி. லீவே தரமாட்டான்னு பேச்சு" என்றான் டேக்பகதூர்.

"இங்க உள்ளவன் மட்டும் லீவை அள்ளிக் கொடுத்தானா?"

"அப்பாவச் சொல்லாத" என்றாள் சிர்ஜனா. "நான்தான் கேட்டேன். எங்கேயாவது தூரமாப் போயிடலாம்ப்பான்னு."

தில்மாயா, வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள். இதுவரை அவன் வேலைக்காக அவள் ஊர் மாறினாள். எல்லாருக்கும் சோறு வேண்டும், சரி. இப்போது அப்பனும் மகளும் சேர்ந்து, அவளைத் தூங்க விட்டுவிட்டு, முடிவு செய்திருக்கிறார்கள். கோபம் வர வேண்டிய இடத்தில் களைப்புத்தான் வந்தது. களைப்புக்குப் பின்னால் இன்னொன்றும் வந்தது: தன் பெண் அப்பனிடமாவது ஒன்றைக் கேட்டிருக்கிறாள் என்ற சின்ன நிம்மதி.

"அங்க போனா மட்டும் மேஜைய ஒட்டிப் போடுவாங்களா?" என்றாள் மெதுவாக. "அங்கயும் நீ புதுசு. இன்னும் புதுசு. ஓடுறதுன்னா எது வரைக்கும் ஓடுறது சிர்ஜு? ஹொக்கைடோவுக்கு அந்தாண்ட கடல்தான்."

"நான் ஓடுறவ இல்ல."

"பின்ன இது என்ன?"

"நீ என்னை மாமா வீட்ல விட்டுட்டு வந்தப்போ நான் ஓடினேனா?" சிர்ஜனாவின் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இருந்தேன்ல. பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, பழகிடும்னு போன்ல சொன்ன. இருந்தேன். மாமி பிள்ளைங்களுக்குப் பாலை ஊத்திட்டு எனக்குத் தண்ணியக் கலந்து ஊத்துவா, அப்பவும் இருந்தேன். எட்டு வருஷம் இருந்து பாத்துட்டேம்மா. பழகல."

டேக்பகதூர், "சிர்ஜு" என்றான் அதட்டுகிற குரலில். பாதியில் அந்த அதட்டல் உடைந்துபோயிற்று.

தில்மாயா வாயைத் திறந்தாள். மாமி தண்ணீர் கலந்த பாலைப் பற்றி யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசியிருக்கிறாள். நல்லாருக்கியா, நல்லாருக்கேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அந்தப் பெண் அப்போதே பெயர்த்துச் சொல்லத்தான் தொடங்கியிருக்கிறது, வேறு மொழி எதுவும் தெரியாத காலத்திலேயே.

"எனக்குத் தெரியாது" என்றாள். கையை நீட்டினாள். சிர்ஜனா அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவும் இல்லை, விலகவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து வாசல் மணி கிணுகிணுத்தது.

"இன்னும் திறக்கலையோ?" என்று தலையை நீட்டினார் ஒரு முதியவர். பின்னால் அவர் மனைவி, மூக்கு வரை கழுத்துத் துணி சுற்றிக்கொண்டு. வாரத்துக்கு ஒருமுறை வருகிற தம்பதி. கடைக்காரர்களின் உடம்பு இருக்கிறதே, அதற்கு மனசு தேவையில்லை. டேக்பகதூர் எழுந்து, "வாங்க, வாங்க!" என்று முழங்கிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தான். தில்மாயா நாற்காலியை உள்ளே தள்ளினாள். சிர்ஜனா பள்ளிச் சீருடையோடேயே தண்ணீர்த் தம்ளர்களை எடுத்துப் போனாள்.

அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். சிர்ஜனா பதில் சொன்னாள். முதியவர் குறுக்கே ஒன்று சொல்லித் தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். அதற்குச் சிர்ஜனா ஏதோ சொல்லப் போக, மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அந்த அம்மாள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

தில்மாயா திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தன் மகள் வாய் விட்டுச் சிரித்து அவள் பார்த்ததில்லை. வீட்டில் இந்தப் பெண்ணுக்குக் குரல் இவ்வளவு வேகமாக வருமா, கை இப்படி ஆடுமா என்று கூட அவளுக்குத் தெரியாது. அடுப்பங்கரையில் இருந்தவனிடம் கேட்டாள்.

"என்ன சொன்னா?"

"அவருக்குக் கண்ணாடியக் காணோமாம், ஒரு மணி நேரமாத் தேடினாராம். இவ, உங்க தலை மேல ஏறி உட்கார்ந்துக்கிட்டு அதுவும் உங்களத் தேடுது தாத்தான்னா." டேக்பகதூர் மாவைத் தட்டினான். "இங்க வந்தா இப்படித்தான் பேசுவா. இவ மொழி போதலன்னு அந்த டீச்சர் சொன்னாங்களா?"

"எழுத்து போதாதுன்னு சொன்னாங்க."

"வாய் போதும்."

அப்படியானால் குறை இந்தப் பெண்ணின் நாக்கில் இல்லை. அந்த அறையில் இருக்கிறது. தில்மாயா மேலங்கியில் இருந்து கைபேசியை எடுத்தாள்.

தம்பதி சாப்பிட்டுப் போன பிறகு, சிர்ஜனா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, அவள் பள்ளிக்கு டெலிபோன் செய்தாள். ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாதென்று குரலை வெளியே கேட்கும்படி வைத்தாள். மணி அடித்தது. அப்பனும் மகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யாருக்கு?" என்றாள் சிர்ஜனா.

"உஷ்."

யாரோ எடுத்தார்கள். யாரோ காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு பாட்டு ஓடியது. பிறகு சளி பிடித்த அந்தக் குரல் வந்தது.

"கொமாட்சுபாரா பேசறேன்."

"கருதி. சிர்ஜனா அம்மா." தில்மாயா கைபேசியை வாயருகே கொண்டுபோனாள். "சென்செய். திங்கட்கிழமை. மதியம். நான் பள்ளிக்கூடம் வரேன். சாப்பாட்டு நேரம். நர்ஸ் ரூம். நான் பார்க்கணும்."

"அம்மா!" என்றாள் சிர்ஜனா பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுமுனையில் மெதுவாக, "பெயர்த்துச் சொல்ல... யார் வருவாங்க?"

"யாரும் இல்ல. நான். நான் மட்டும்."

"'வரேன்'னு சொல்லாத" என்று முணுமுணுத்தாள் சிர்ஜனா, தொட்டிப் பக்கம் திரும்பியபடியே. "அது தோழிகிட்ட சொல்றது. மரியாதை போதல."

தில்மாயா திருத்திக்கொண்டு, மரியாதையான சொல்லைத் தேடி, தொழிற்சாலையில் முதலாளி வருகிற நாளில் சொல்கிற சொல்லைப் பிடித்துச் சொன்னாள். அது சற்று அதிக மரியாதையாகிவிட்டது போலிருந்தது. மறுமுனையில் சிரிப்பை அடக்குகிற இருமல் கேட்டது.

பிறகு ஆசிரியை பேசினாள். முதலில் நிதானமாகத்தான் தொடங்கினாள். போகப் போகப் பழைய குழாய் திறந்துகொண்டது. மகிழ்ச்சியாகப் பேசுகிறாள் என்பது வரை தில்மாயாவுக்குத் தெரிந்தது. எங்கேயோ 'எல்லாரும்' என்று வந்தது. கடைசியில் குரல் உயர்ந்து நின்றது. கேள்வி.

கேள்வி என்றால் ஆமாம் என்று சொல்வதுதான் பத்து வருஷப் பழக்கம்.

"ஹாய்" என்றாள், இந்த ஊர் மொழியில் ஆமாம். "ஹாய், ஹாய், சென்செய்."

நன்றிக்கு மேல் நன்றி சொல்லி ஆசிரியை வைத்துவிட்டாள். தில்மாயா பெருமூச்சு விட்டாள். நெற்றியைத் துடைத்தாள். ஒரு மூட்டையை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சிர்ஜனா குழாயை மூடிவிட்டு, கை ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா சரின்னு சொன்ன?"

"ஏன்? என்ன கேட்டாங்க?"

"நர்ஸ் ரூம் வேண்டாமாம். எங்க வகுப்புக்கே வரணுமாம். பிள்ளைங்களோட உட்கார்ந்து சாப்பிடணுமாம். சாப்பிட்டதும் எல்லாருக்கும் முன்னாடி நின்னு, உன்னப் பத்தி, நம்ம ஊரப் பத்தி, நீ பாக்கிற வேலையப் பத்திப் பேசணுமாம். கேட்டாங்க. நீ மூணு தரம் சரின்னுட்ட."

டேக்பகதூர் இடுக்கியோடு அப்படியே நின்றான். "திங்கட்கிழமையா? அசாஹிகாவாக்காரனுக்கும் நான் திங்கட்கிழமைதான் பதில் சொல்லணும்."

தில்மாயா கைபேசியை மேஜை மேல் வைத்தாள்.

"நாற்பது பேர்" என்றாள் தில்மாயா.

"முப்பத்தாறு."

"எனக்கு என்ன பேசத் தெரியும்?"

"அதான் சொல்றேன். இப்பவே திரும்பக் கூப்பிடு. வேண்டாம்னு சொல்லு. முடியாதுன்னு சொல்லு."

தில்மாயா கைபேசியை மறுபடி எடுத்தாள். எண்ணைத் தேடினாள். விரல் அதன் மேல் நின்றது. தேடிப் பார்த்தால், பத்து வருஷத்தில் அந்த ஒரு சொல்லை அவள் யாரிடமும் மரியாதையாகச் சொல்லக் கற்றுக்கொள்ளவே இல்லை.

"முடியாதுன்னு மரியாதையா எப்படிச் சொல்றது? நீ சொல்லு. நான் அப்படியே சொல்லிடறேன்."

சிர்ஜனா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல இந்த ஊரில் எத்தனை வழி உண்டோ அத்தனையும் தெரியும். தாயின் நெற்றியையும், எண்ணின் மேல் நிற்கும் விரலையும் பார்த்தாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டு, தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவி முடித்த தம்ளர்களையே எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினாள்.